அடையாளம் தெரியாத பொருள், எண் 213

கரிசல் மண் நல அகச்சிவப்புக் கண்காணிப்பு மையம், கோவில்பட்டி. நான்காவது உயர்மட்டக் கூட்டம்.

வந்திருந்தோர்:

திரு. தங்கப்பாண்டியன், மையத்தின் தலைவர்.
முனைவர் உமாதேவி, ஒளிக்கதிர் விஞ்ஞானி.
திரு. பாண்டிராஜ், மண் மாதிரி சேகரிப்பு ஒருங்கிணைப்பாளர்.
திரு. பரமசிவன், வருவாய் ஆய்வாளர் (ஏசி அறை என்று கேள்விப்பட்டு அரை மணி நேரம் முன்னதாகவே வந்தவர்).
மாயகிருஷ்ணன், உதவியாளர் (நின்றபடி).
கருவி (மேசை மேல், உறை போட்டு).
வெயிலுகந்தம்மாள், பசுவந்தனை, விவசாயி (அல்லது விவசாயி அல்ல, அதை முடிவு செய்யத்தான் கூட்டம்).

மனிதகுலம் மண்ணை உழுது, மிதித்து, அதற்காக வெட்டிக்கொண்டு, கடைசியில் அதிலேயே போய்ப் படுத்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மண்ணைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இந்த அவலம் போன ஆனி மாதம் பதினேழாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு முடிவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் கருவி கோவில்பட்டியில் வந்து இறங்கியது.

பார்க்க இட்லிக் கொப்பரை அளவுதான் இருக்கும். காரியம் பெரியது. காயவைத்து, இடித்து, சலித்த மண்ணை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சும். மண் எதை விழுங்கியது, எதைத் திருப்பி அனுப்பியது என்று பார்த்து, திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைத் தனக்கு ஏற்கெனவே தெரிந்த கோடுகளோடு ஒப்பிட்டு, கரிமம் இவ்வளவு, களி இவ்வளவு, தழைச்சத்து இவ்வளவு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். வேதியியல் கூடத்தில் பத்து நாள் பிடிக்கிற வேலை. இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கருவியின் பங்கு முழுக்க உண்மை. மீதிப் பங்கு மையத்தினுடையது.

மையம் கருவிக்குக் காட்டிய மரியாதையை மாமியார் வீட்டில் மறுவீடு வந்த மாப்பிள்ளைகூடப் பார்த்திருக்க மாட்டான். கருவிக்கு ஈரக் காற்று ஆகாது என்பதால் தனி அறை. அறைக்கு ஏசி. கதவுக்கு இரண்டு பூட்டு. செருப்பை வெளியே விட வேண்டும். கட்டடத்தில் வேறெங்கும் ஏசி இல்லாததால் எல்லாக் கூட்டமும் அந்த அறையிலேயே நடக்கும். ஈரம் படக் கூடாத கருவியைச் சுற்றி அதிகாரிகள் உட்கார்ந்து, ஆவி பறக்கக் காப்பி குடித்து, அதன் மேலேயே மூச்சு விடுவார்கள். கருவி ஒன்றும் சொன்னதில்லை.

வெயிலுகந்தம்மாள் அந்தச் சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. கையில் உரச் சாக்கில் தைத்த பை ஒன்று. பைக்குள் அன்று காலையில் தன் புஞ்சையில் ஒரு சாண் ஆழம் தோண்டி எடுத்த மண். அதோடு, மையம் அவளுக்கு அனுப்பிய கடிதமும் இருந்தது.

அந்தக் கடிதத்தை மகள் ஐஸ்வர்யாதான் வாசித்துச் சொன்னாள்.

"எம்மா, நம்ம புஞ்சையில கெடக்கது மண்ணு இல்லையாம்."

"பின்ன என்னவாம்?"

"அது அவியளுக்கும் தெரியலையாம்."

கடிதத்தில் 'மாதிரி எண் 213: அடையாளம் தெரியாத பொருள்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே மெலிந்த எழுத்தில் இருந்ததுதான் அவளைக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றியது. அவளுடைய மூன்று ஏக்கர் எழுபது சென்ட்டும் நிபந்தனைப் பட்டா. பயிர் செய்கிறவரை அவளுடையது. பயிர் செய்ய முடியாத நிலம் என்றாகிவிட்டால் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும். அரசாங்கம் அதைச் சூரிய மின்தகடு நடுகிற கம்பெனிக்குக் குத்தகைக்கு விடும். மண்ணே இல்லாத இடத்தில் பயிர் ஏது? ஆகவே பட்டாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று புரட்டாசி பத்தாம் தேதி நேரில் வந்து சொல்லவும்.

புரட்டாசி பத்து. ஊரில் எல்லோரும் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைத்துக்கொண்டிருக்கிற நாள்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை மையத்தின் பெருமைக்குக் குறைவு வராமல் சொல்ல வேண்டும்.

ஒரு வட்டாரத்து மண்ணை அளப்பதற்கு முன்னால், அந்த மண் எப்படி இருக்கும் என்று கருவிக்குக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்காகப் பசுவந்தனையில் ஒவ்வொரு விவசாயியின் புஞ்சையிலிருந்தும் மாதிரி எடுக்கப் பாண்டிராஜ் புறப்பட்டுப் போனார். முதல் நாள் இரவு லேசான தூறல். பருத்திக் காட்டில் பத்தடி வைத்ததும் கரிசல் அவருடைய புதுச் சப்பாத்தை ஆசையோடு பிடித்துக்கொண்டது. காலுக்கு இரண்டு கிலோ. அந்த இடத்திலேயே, ஒற்றைக் காலில் நின்றபடி, அவர் 'மக்கள் பங்கேற்பு முறை'யைக் கண்டுபிடித்தார். அதாவது அவர் பஸ் ஸ்டாப்பு டீக்கடையில் கடம்பூர்ப் போளியோடு உட்கார்ந்திருப்பார். மக்கள் மண்ணை எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதி அவரிடம் கொண்டுவந்து பங்கேற்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. விதைப்புக்கு முன்னால் புஞ்சையை விட்டு ஒரு பிடி மண் வெளியே போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். போனால், மழையும் அந்த மண் போன பாதையிலேயே போய்விடும். அதே சமயம் அரசாங்கம் வாய்விட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதும் மரியாதை இல்லை. இரண்டையும் யோசித்துப் பார்த்த தங்கசாமி என்ற விவசாயி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வற்றிக் கிடந்த ஊர்க் கண்மாய்க்குள் இறங்கி, வண்டலில் அரைக் கிலோ வெட்டி, பையில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தார். மண்வெட்டி கிடந்த வசதிக்கு அடுத்தவரும் அதே இடத்தில் வெட்டினார். அவருக்கடுத்தவரும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தக் குழிக்குள் முப்பிடாதியின் வெள்ளாடு விழுந்து, கயிறு கட்டித் தூக்கினார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பைகள் வந்தன. மாயகிருஷ்ணன் காயவைத்து, இடித்து, சலித்தான். சல்லடையில் நத்தைக்கூடு நத்தைக்கூடாக நின்றது. உமாதேவி அதைப் பார்த்து 'சுண்ணாம்புச் சத்து மிகுதி' என்று குறித்துக்கொண்டார். கருவி முதல் மாதிரியை ஒழுங்காக அளந்தது. இரண்டாவதிலிருந்து திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வர ஆரம்பித்தது: 'இந்த மாதிரி ஏற்கெனவே அளக்கப்பட்டது. தொடரவா?' மென்பொருள் கோளாறு என்று உமாதேவி கண்டறிந்தார். மாயகிருஷ்ணன் இருநூற்றுப் பதினோரு தடவை 'தொடர்க' என்று அமுக்கினான்.

இப்படிப் பழக்கும்போது மாதிரிகளைப் பழைய வேதியியல் முறையிலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மையம் ஒன்றைச் சோதித்தது. மற்றதெல்லாம் அச்சு அசல் அதைப் போலவே இருந்ததால், அதே எண்களை மற்றவற்றுக்கும் எழுதிக்கொண்டது. முடிவு வியப்பூட்டியது. மேடு பள்ளம், ஏழை பணக்காரன், மேலத்தெரு கீழத்தெரு என்ற எந்தப் பேதமும் இல்லாமல் பசுவந்தனை முழுவதும் மண் நலம் தொண்ணூற்றெட்டு விழுக்காடு. நாட்டிலேயே சமத்துவம் வந்துவிட்ட முதல் மண். மாநில அளவிலான கேடயம் ஒன்று மையத்துக்கே என்று ஏறக்குறைய முடிவாகி, பார்வையிடும் குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வெயிலுகந்தம்மாள் பிந்தி வந்து, தன் புஞ்சை மண்ணையே எடுத்துக் கொடுத்துத் தொலைத்தாள்.

வழக்கம் அவளுக்கும் தெரியும். பக்கத்துப் புஞ்சைக்காரி மாரிசெல்வி வரப்பில் நின்று சொல்லிக்கூடப் பார்த்தாள். "ஏட்டி, பிடி மண்ணக் குடுத்துட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்காத. ஒம் புஞ்சை மழை கோவில்பட்டிக் கொட்டகையில போய்ப் பெய்யும் பாரு." ஆனால் போன வருஷம் வெயிலுகந்தம்மாளின் பருத்தி முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. அடியுரம் போட்டும் தெளியவில்லை. என்ன குறை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக மழையைக்கூட அடகு வைக்கத் துணிந்தாள்.

தலைவர் தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"உக்காருங்கம்மா."

நாற்காலி இல்லை. அவள் நின்றாள்.

"மாதிரி எண் இருநூத்திப் பதிமூணு. இந்தப் பொருள எங்க எடுத்தீங்க?"

"பொருள் இல்லங்கய்யா, மண்ணு. எம் புஞ்சையில எடுத்தேன்."

"அது உங்க கருத்து. மாயகிருஷ்ணன், 'மண் என்று சொல்லப்படும் பொருள்'னு எழுதிக்கோங்க."

உமாதேவி திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்கம்மா. இருநூத்திப் பன்னெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே கோடு மாதிரி அடக்கமா படுத்திருக்கு. உங்க கோடு மட்டும் தனியா எங்கயோ அலையுது."

"அலையாம என்ன செய்யும் மேடம்? அது ஒண்ணுதானே புஞ்சையிலருந்து வந்தது."

உமாதேவி திரையை மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன சொல்ல வாரீங்க?" என்றார் தலைவர்.

"மத்ததெல்லாம் கம்மா மண்ணுங்கய்யா. ஊருக்கே தெரியும்."

பாண்டிராஜ் எழுந்துவிட்டார். "சார், இது அவதூறு. நான் நேர்ல இருந்து வாங்குனது."

"நீங்க நேர்லதான் இருந்தீய, யார் இல்லன்னா? போளியப் பிட்டு வாயில போட்டுக்கிட்டே வாங்கி வச்சீய. பைக்குள்ள நத்தைக்கூடு கெடந்துச்சுல்லா? புஞ்சையில என்னைக்குய்யா நத்த மேஞ்சுது?"

மாயகிருஷ்ணன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

கண்ணை மூடிக் குளிரை அனுபவித்துக்கொண்டிருந்த பரமசிவன் திடுக்கிட்டு விழித்தார். "கம்மா மண்ணா? எல்லாப் புஞ்சையிலயும் கம்மா மண்ணுன்னா, எல்லாப் புஞ்சையும் கம்மாதானே? அப்ப இருநூத்திப் பன்னெண்டு பேரும் நீர்நிலை ஆக்கிரமிப்புல்லா!" அவர் பைக்குள் கைவிட்டு வேறொரு படிவக் கட்டைத் தேட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, காப்பி ஆறுது. குடிங்க," என்றார் தலைவர் அவசரமாக. அவர் நெற்றியில், பதினெட்டு டிகிரியில், வேர்த்திருந்தது. பிறகு வெயிலுகந்தம்மாளைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "இருநூத்திப் பன்னெண்டு பேர் குடுத்தது ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஒருத்தர் குடுத்தது வேற மாதிரி இருக்கு. ஜனநாயக நாட்டுல எதம்மா மண்ணு?"

"யாராவது ஒரு ஆளு என்கூட வாங்கய்யா. ரெண்டரை மணிக்கு பஸ்ஸு இருக்கு. வந்து ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டு, மண்ணா இல்லையான்னு சொல்லுங்க."

"கருவிய வெளிய கொண்டுபோக முடியாது. கருவிய விட்டுட்டு நாங்களும் வர முடியாது. அறிவியல்ல உணர்ச்சிக்கு எடமில்லம்மா."

"பருத்தி ஏன் மஞ்சளடிச்சுதுன்னு கேக்கத்தானே குடுத்தேன். எம் மண்ணுல என்ன குறைன்னுதானே கேட்டேன்."

"யாரையும் குறை சொல்லுறது மையத்தோட வழக்கம் இல்ல."

பரமசிவன் காப்பியை முடித்துவிட்டார். 'மண் அல்லாத நிலம்' என்ற படிவத்தில் அவளுடைய பெயர், புல எண், பரப்பு எல்லாம் முன்னதாகவே நிரப்பியிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றினார்.

"வருத்தப்படாதம்மா. தகடு நட்டா மழைய எதிர்பாக்க வேண்டாம், களை எடுக்க வேண்டாம். வெயில் மட்டும் போதும். ஒம் பேருக்கும் பொருத்தமாத்தான் இருக்கு."

அவள் அந்தப் பேனாவின் முனையைப் பார்த்தாள். அந்த மூன்று ஏக்கர் எழுபது சென்ட்டில் கருவேல முள்ளை வேரோடு தோண்டி எடுக்க அவளுக்கும் அவள் புருஷனுக்கும் இரண்டு கோடை பிடித்தது. பேனாவுக்கு இரண்டு நொடி போதும்.

தலைவர் சட்டென்று கையை உயர்த்தினார். அவருக்கு இளகிய மனது. அதோடு கணக்கும் தெரியும். அவளைத் தள்ளிவிட்டால் இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்று குறையும். கேடயக் குழுவுக்கு நூற்றுக்கு நூறு வேண்டும்.

"ஒரு நிமிஷம். விதி ஏழின்படி மறு அளவீடு செய்யலாம். இப்பவே, இங்கயே. அம்மா இன்னொரு மாதிரி குடுக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அத எங்கருந்து எடுத்தாங்கன்னு மையம் கேக்காது. இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்ல."

வெயிலுகந்தம்மாள் தன் பையைப் பார்த்தாள். பிறகு கதவோரம் பார்த்தாள். அங்கே சல்லடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் மண்ணைச் சலித்து அளந்ததுபோக மிஞ்சியது அதற்குள் முக்கால்வாசி கிடந்தது. எல்லாம் ஒரே குழி.

அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். வாளிக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டி நிரவி, உமாதேவியிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. எம் புஞ்சை மண்ணு."

அந்தக் குரல் அவளுக்கே யாரோ அடுத்த தெருக்காரி குரல் போலக் கேட்டது.

உயர்மட்டம் முழுவதும் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்தது. தலைவர் கூரையில் ஒரு பல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாண்டிராஜுக்குப் போனில் ஏதோ வந்துவிட்டது. பரமசிவன் பேனாவின் மூடியைத் தேடினார். வாளியை யாரும் பார்க்கவில்லை. வாளியைப் பார்க்காமல் இருக்க அவ்வளவு படித்தவர்கள் அவ்வளவு பாடுபட்டதை அதற்கு முன் கோவில்பட்டி கண்டதில்லை.

கருவி பார்த்தது. அரை நிமிடம் ஒளி பாய்ச்சி, திரையில் சிவப்புக் கட்டத்தைப் போட்டது. 'இந்த மாதிரி ஏற்கெனவே அளக்கப்பட்டது. தொடரவா?'

மாயகிருஷ்ணனின் விரல் அந்தரத்தில் நின்றது. அவன் கடம்பூர்ப் பக்கத்துப் புஞ்சைக்காரன் மகன். ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் மாதா மாதம் தலைவர் கையில். வெயிலுகந்தம்மாளை ஒரு பார்வை பார்த்தான். தலைவரை ஒரு பார்வை பார்த்தான்.

"தொடருங்க," என்றார் தலைவர் பல்லியிடம்.

அமுக்கினான். தொண்ணூற்றெட்டு விழுக்காடு.

எல்லோரும் கைதட்டினார்கள். உமாதேவி புதுக் கோடு மற்றக் கோடுகளின் மேல் அடக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டதைக் காட்டினார். பரமசிவன் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டார். பட்டா பிழைத்தது. அச்சு இயந்திரம் கடகடவென்று ஒரு நற்சான்றிதழைத் துப்பியது. தலைவரே அதை உரக்க வாசித்தார்: "மண் நலம் மிகச் சிறப்பு. உரம் தேவையில்லை. ஆண்டில் ஐந்து மாதம் தண்ணீர் தேங்கும் தன்மை கொண்டது. நெல் சாகுபடிக்கு உகந்தது. மீன் குஞ்சும் விடலாம்."

குடிக்கத் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற வெயிலுகந்தம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப, பருத்திங்கய்யா?"

"பருத்திக்கு என்ன?"

"மஞ்சளடிச்சுதே."

"மண்ணுல ஒரு குறையும் இல்லன்னு இப்பதானேம்மா நிரூபணம் ஆச்சு. குறை இருந்தா அது பருத்தியோட குறை. அதுக்கு வேற மையம் இருக்கு."

நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது: 'மொத்த மாதிரிகள் 213. நலமுள்ளவை 213. நூற்றுக்கு நூறு. பயனாளி மன நிறைவுடன் விடைபெற்றார்.' மண்ணைத் தரப்படுத்த ஆரம்பித்த மையம், ஒரே காலைப்பொழுதில் ஒரு மனுஷியையும் ஊரோடு சேர்த்துத் தரப்படுத்திவிட்டது. எந்த நாட்டு விஞ்ஞானமும் இவ்வளவு விரைவாக இதைச் செய்திருக்காது.

சாப்பாட்டு மணியாகிவிட்டதால் உயர்மட்டம் முன்னால் படியிறங்கிப் போயிற்று. போகிற போக்கில் தலைவர் அவள் பையைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தப் பொருள மறக்காம எடுத்துட்டுப் போயிருங்கம்மா. வெள்ளிக்கிழம குழு வருது. அறை சுத்தமா இருக்கணும்."

அவள் பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மண்ணை இருட்டுவதற்குள் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். மழையாவது வழி தெரிந்து வரட்டும். செருப்பை மாட்டும்போது மாயகிருஷ்ணன் சாவிக்கொத்தோடு நிலையருகே நின்றான்.

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ என்னல செய்வ? அமுக்குன்னா அமுக்கணும்." அவள் கதவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, ஒரு கதவுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?"

"கருவி வெல கூடுனதுக்கா. களவு போயிரக் கூடாதுல்லா."

"அத எவன் களவாங்கப் போறான்? மொத வாட்டி எம் மண்ண வச்சப்ப, இது மத்தது மாதிரி இல்லன்னு சொல்லிச்சு. நெசம். இப்ப வாளி மண்ண வச்சப்ப, இத நான் முன்னமே பாத்துட்டேன்னு சொல்லிச்சு. அதுவும் நெசம். உள்ள ஏழு பேரு இருந்தோம். பொய் சொல்லாதது அது ஒண்ணுதான். என்னையும் சேத்துத்தாம்ல சொல்லுதேன்." பையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அதாம்ல பூட்டி வைக்கிய."

மாயகிருஷ்ணன் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

அவள் மூன்றாவது படியில் கால் வைக்கும்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு பூட்டு விழுந்தது. ஐந்தாவது படியில் இரண்டாவது பூட்டும் விழுந்தது.